‘ஒரு கேஸ் மாத்திரை குடுங்க’

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 43, ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்:

“சார், இரண்டு வருடமாக நெஞ்செரிச்சல், வாரத்தில் நாலைந்து நாள் வந்துவிடுகிறது. கடை சாத்தி வீடு வர ராத்திரி 10:30 ஆகிவிடும், வருகிற வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு 11:15க்குப் படுத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். மெடிக்கலில் பான்-டி வாங்கி முதலில் எரிகிற அன்று மட்டும் போட்டேன், இப்போது ஏழெட்டு மாதமாகத் தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு. அதிலும் அடங்காவிட்டால் ஈனோ. ‘அந்த மாத்திரை கிட்னியைக் காலி பண்ணிவிடுமாம்’ என்று வீட்டில் சத்தம் போட்டதால் போன மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன், மூன்றாம் நாளே இரண்டு மடங்கு எரிச்சல், மறுபடி ஆரம்பித்துவிட்டேன். பிரஷருக்கு அம்லோடிபின் 5, நாள் முழுக்க நிற்பதால் குதிகால் வலி, அதற்கு வாரம் மூன்று நாள் ஒரு வலி மாத்திரை. உயரம் 165, எடை 84. டாக்டரிடம் போகாமல் மெடிக்கலிலேயே வாங்கிக்கொள்ள எந்த மாத்திரை நல்லது? தினமும் போடலாமா? வராமலே இருக்க வழி உண்டா? ஆடித் தள்ளுபடி நேரம், லீவு கிடைக்காது. பி.கு: இப்போதெல்லாம் சில நாள் சோறு நெஞ்சிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது, தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும்.”

அன்புள்ள வாசகருக்கு,

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். இருபது வருடத்துக்கும் மேல் மருந்துக்கடை கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றவன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போவது நீங்கள் பி.கு. போட்டுக் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியை. சோறு நெஞ்சில் நிற்கிறது என்பது நெஞ்செரிச்சலோடு சேர்ந்த இன்னொரு தொந்தரவு இல்லை, அது வேறு கணக்கு. இரண்டு வருடமாக அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாயில் புண்ணாகியிருக்கலாம், அந்தப் புண் ஆறி ஆறித் தழும்பு விழுந்து குழாய் குறுகியிருக்கலாம், குழாயின் தசை ஒழுங்காகத் தள்ளாமல் இருக்கலாம், அபூர்வமாகக் கட்டியாகவும் இருக்கலாம். இதில் எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மெடிக்கலில் ஸ்டிரிப்பை வெட்டிக் கொடுக்கிற தம்பிக்கும் தெரியாது. கேமரா வைத்த குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபியில்தான் தெரியும்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: உங்களுக்கு, இப்போதைக்கு, டாக்டரைப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட ‘நல்ல’ மாத்திரை எதுவும் இல்லை. வயிறு, குடல் டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோபி வேண்டுமா என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அவரே சொல்லிவிடுவார். பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ராத்திரி சாப்பிட்டதோடு நிறுத்தி வெறும் வயிற்றில் போனால், தொண்டையில் மரத்துப்போகிற ஸ்பிரே அடித்து, பத்து நிமிடத்துக்குள் முடித்து அனுப்புவார்கள். பணம்தான் யோசனை என்றால் பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். போகும்போது நீங்கள் விழுங்குகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். தினமும் பான்டோபிரசோல் (உங்கள் பான்-டியில் இருக்கிற, அமிலத்தைக் குறைக்கிற மருந்து) போடுகிறவருக்கு உள்ளே இருக்கிற புண் பாதி ஆறினது போலத் தெரிந்து ஆளை ஏமாற்றும், அதனால் பரிசோதனைக்கு முன் அதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரே சொல்லட்டும்.

இதே மாதிரி, மருந்துக்கடை வாசலை மிதிக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேறு சில ஆட்களும் உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறவர் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்), ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வாந்தி எடுத்தவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர், ரத்தசோகை என்று சொல்லப்பட்டவர், விழுங்கும்போது வலிக்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக இந்த எரிச்சல் ஆரம்பித்தவர்.

இன்னொன்று இருக்கிறது, அது எல்லாவற்றுக்கும் மேலே. பல வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு விடியற்காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார். “நெஞ்சுல ஒரே கேஸு தம்பி, ஒரு மாத்திரை குடு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வை. கார்த்திகை மாசக் குளிரில் இவருக்கு ஏன் வேர்க்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மாத்திரையைக் கொடுத்தேன், எதிரே இருந்த பெட்டிக்கடையில் கோலி சோடாவும் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை எங்கள் கடைக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் கேஸ் மாத்திரை கேட்கிற யாரையும் மூன்று கேள்வி கேட்காமல் விட்டதில்லை: வேர்க்கிறதா? வலி கையிலோ தாடையிலோ முதுகிலோ இழுக்கிறதா? படி ஏறினால், நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறைகிறதா? எரிச்சல் என்பது சாப்பாட்டோடும் படுக்கையோடும் குனிவதோடும் வருவது, இதயவலி என்பது பெரும்பாலும் நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்த மாதிரி வருவது. ஆனால் இந்த வித்தியாசத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள், ஏனென்றால் சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வயதானவருக்கும் மாரடைப்பே வெறும் ‘கேஸ்’ போல வந்துவிட்டுப் போகும். சந்தேகம் வந்தால் 108, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே ஈ.சி.ஜி. எடுக்கிறார்களோ அங்கே. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இலிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள், இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு வயது 43, பிரஷர் இருக்கிறது, எடை கூடுதல். எண்டோஸ்கோபிக்குப் போகிற அன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள், செலவு பெரிதில்லை.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம். உங்களுக்கு இன்றைக்கு உதவாவிட்டாலும் டாக்டர் பார்த்த பிறகு உதவும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இப்போதே உதவும்.

நெஞ்செரிச்சல் இதயத்திலிருந்து வருவதில்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருப்பாளே சுருக்குப்பை, அதன் வாய் மாதிரி. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், அப்புறம் சுருங்கிக்கொள்ளும். கயிறு தளர்ந்துபோனால் உள்ளே இருப்பது மேலே ஏறும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்க உள்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அது கிடையாது, அதனால் எரிகிறது. இதை நம் ஊரில் ‘அல்சர்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ வருகிற புண், அதற்கு முக்கியமான காரணம் ஒரு பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். (மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம்.)

கடையில் கிடைக்கிற மருந்துகள் மூன்று வகை, மூன்றும் மூன்று விதமான வேலை செய்கிறவை. நம் மக்கள் மூன்றையும் ‘கேஸ் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் கேட்பதுதான் பாதிப் பிரச்சினை, கேட்டதும் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற நாங்கள்தான் மீதிப் பாதி.

முதல் வகை, ஏற்கெனவே இருக்கிற அமிலத்தை அங்கேயே முறிப்பவை. ஜெலுசில், டைஜீன் மாதிரி திரவங்கள், ஈனோ மாதிரி பொங்குகிற உப்புகள். எரிகிற நேரத்தில் கேட்கிற மருந்து இதுதான், சில நிமிடத்தில் அடங்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு ஓடிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் சாப்பாட்டோடு தங்கி மூன்று மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். திரவத்தில் இருக்கிற அலுமினியம் மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் பேதியாக்கும், இரண்டையும் கலந்திருப்பதே ஒன்றை ஒன்று ஈடுகட்டத்தான். தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் இதெல்லாம் போடுகிறவர்கள் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம், இல்லாவிட்டால் அந்த மருந்து உடம்பில் சேராது. இதிலேயே அல்ஜினேட் என்று ஒன்று, காவிஸ்கான் என்ற பெயரில் வரும், அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, இரைப்பையில் இருக்கிற சாப்பாட்டின் மேல் ஆடை மாதிரி மிதந்து மேலே ஏற விடாமல் தடுக்கும். எதுக்களிப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும், எனக்கு மிகவும் பிடித்த மருந்து. டாக்டரைப் பார்க்கும் வரை நீங்கள் தாக்குப்பிடிக்கவும் அல்ஜினேட்டோ ஜெலுசில் மாதிரி ஒன்றோ போதும், வாங்கும்போது பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அல்ஜினேட்டிலும் கொஞ்சம் சோடியம் உண்டு.

ஈனோவை மட்டும் உங்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டும். கவரைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், ஸ்வர்ஜிக்ஷாரம், நிம்புகாம்லம் என்று ஆயுர்வேதப் பெயரில் எழுதியிருக்கும், சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான். சோடா உப்பு என்றால் சோடியம். பிரஷருக்காகக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ராத்திரி ராத்திரி இதைக் கலக்கிக் குடித்தால் காலையில் போடுகிற அம்லோடிபின் என்னதான் செய்யும்? எப்போதோ கல்யாண விருந்துக்குப் பிறகு ஒரு தடவை என்றால் வேறு விஷயம். பிரஷர், இதயநோய், கிட்னி கோளாறு உள்ளவர்கள் இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வகை அமிலம் சுரக்கச் சொல்கிற உத்தரவை மறிப்பவை. இதில் ரேனிடிடினை எல்லோருக்கும் தெரியும், இன்னும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிற மாசு நாள்பட நாள்பட, சூடு ஏற ஏறக் கூடுகிறது என்று தெரிந்து அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் மொத்தமாகத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் 2022இல் வெளியான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், ஆனாலும் கடையில் கிடைக்கும். ஈரோட்டு வெயிலில் பைக் டிக்கியில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு, அவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்குப் பதில் ஃபேமோடிடின் இருக்கிறது, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். வாரத்தில் ஒரு நாள் எரிகிறவர், ‘இன்றைக்கு ராத்திரி பிரியாணி, நிச்சயம் எரியும்’ என்று தெரிந்தவர், முன்கூட்டியே ஒன்று போட்டுக்கொள்ள இதுதான் சரி. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிக்கொண்டு மருந்தின் பலன் குறைந்துவிடும். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் உங்களுடையது. ஒமெபிரசோல், பான்டோபிரசோல், ராபெபிரசோல், எசோமெபிரசோல், எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கிற சின்னச் சின்ன பம்புகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, இந்த மருந்து அந்த பம்புகளைப் பூட்டிவிடும். பூட்டிய பம்பு திரும்ப ஓடாது, உடம்பு புதிது செய்ய வேண்டும், அதனால்தான் ஒரு மாத்திரை ஒரு நாளைக்கு வருகிறது. ஆனால் மருந்து ரத்தத்தில் இருப்பது ஓரிரு மணி நேரம்தான், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பம்பை மட்டும்தான் பூட்டும், பம்பு ஓடுவது நாம் சாப்பிடும்போது. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் போட்டால்தான் பம்பு ஓடத் தொடங்குவதும் மருந்து வந்து சேர்வதும் ஒன்றாக அமையும். நீங்கள் செய்வதோ பரோட்டா சாப்பிட்டு முடித்த பிறகு போடுவது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து நிற்கிற சமையல்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வகை மருந்து எரிகிற நேரத்தில் அணைக்கிற தண்ணீர் இல்லை, முழுப் பலன் தெரிய ஒன்றிலிருந்து நான்கு நாள் ஆகும். அதைக் கடித்தோ பொடித்தோ சாப்பிட்டால் மேல்பூச்சு போய் அமிலத்திலேயே கரைந்து வீணாகும், அதுவும் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒமெபிரசோல் 2003லிருந்து சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. அங்கே எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள்: 20 மில்லிகிராம், வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ எரிகிற பெரியவர்களுக்கு மட்டும், காலையில் ஒன்று, பதினான்கு நாள், அதோடு நிறுத்தம். மறுபடி வேண்டுமென்றால் நான்கு மாதம் கழித்து. பதினான்கு நாளில் சரியாகவில்லை என்றாலோ, நான்கு மாதத்துக்குள் திரும்ப வந்தாலோ டாக்டரிடம் போ என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். ஐரோப்பாவில் 2009இல் பான்டோபிரசோலைச் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தபோதும் 20 மில்லிகிராம்தான். நம் ஊரில் அட்டையின் பின்னால் டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று எழுதியிருக்கும், ஆனால் கேட்டவுடன் 40 மில்லிகிராம், அதுவும் கூடவே டோம்பெரிடோன் கலந்தது, நாலு மாத்திரை வெட்டி வெள்ளைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் பெரும்பாலும் எங்கள் பக்கம் மீதமிருக்கும் துண்டில் நின்றுவிடும். நானும் வெட்டிக் கொடுத்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. இனி வாங்கினால் முழு அட்டையாக வாங்குங்கள், பில்லோடு.

பான்-டியில் இருக்கிற அந்த ‘டி’யைப் பற்றி ஒரு வார்த்தை. டோம்பெரிடோன் வாந்திக்கான மருந்து, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும். வெறும் எரிச்சலுக்கு அது தேவையில்லை. இதயத் துடிப்பின் தாளத்தைச் சிலருக்குக் கெடுக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், நாளைக்கு அதிகபட்சம் 30 மில்லிகிராம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடையாது. நீங்கள் போடுகிற அந்த ஒரு கேப்சூலில் 30 மில்லிகிராம் இருக்கிறது, நீங்கள் போடுவது ஏழெட்டு மாதமாக. பெண்களுக்கு இதனாலேயே மாதவிடாய் தள்ளிப்போவதும் பால் சுரப்பதும் உண்டு, காரணம் தெரியாமல் வேறு டெஸ்ட்டெல்லாம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்ததே, அது உங்கள் நோய் முற்றியதால் அல்ல. பம்புகளைப் பூட்டிப் பூட்டி வைத்தால் உடம்பு ‘அமிலம் போதவில்லை’ என்று நினைத்து அமிலம் சுரக்கச் சொல்கிற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும், ஒரு நாள் பூட்டைத் திறந்தால் மொத்தமும் பாயும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெபிரசோல், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. நிறுத்திய பிறகு நிஜ மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், அஜீரணம், எதுக்களிப்பு என்று ஏதாவது ஒன்று வந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு மருந்தை நிறுத்தியதால் நோய் வருகிறது என்றால் நம் ஆட்கள் ‘பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல’ என்று வருடக்கணக்கில் தொடர்வதில் ஆச்சரியம் என்ன? இந்தப் பாய்ச்சல் சில வாரத்தில் தானாக அடங்கும். டாக்டர் நிறுத்தலாம் என்று சொன்ன பிறகு 40ஐ 20 ஆக்கி இரண்டு வாரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரம், நடுவில் எரிந்தால் அல்ஜினேட்டோ ஜெலுசிலோ என்று இறங்கலாம். ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்தில்லை, எரிச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள், உணவுக்குழாயில் மோசமான புண் என்று எண்டோஸ்கோபியில் தெரிந்தவர்கள், இவர்களுக்கு டாக்டர் காரணத்தோடுதான் எழுதியிருப்பார், இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் சீட்டில்லாமல் ஒமெபிரசோலும் எசோமெபிரசோலும் வாங்கவும் கூடாது, அவை குளோபிடோக்ரெலின் பலனையே குறைத்துவிடும்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் சொன்னது முழுப் பொய் இல்லை. இந்த மருந்துகளால் அபூர்வமாகச் சிலருக்குக் கிட்னியில் ஒவ்வாமை மாதிரி வீக்கம் வரும், வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவு, கிட்னி பாதிப்பு என்று தொடர்பு காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் தூரத்திலிருந்து எண்ணிப் பார்த்தவை, ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்தானே அதிக மருந்து சாப்பிடுவார். 2019இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 17,000க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளைப் பிரித்துச் சிலருக்குப் பான்டோபிரசோல் 40, சிலருக்கு வெறும் மாத்திரை என்று சுமார் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், வயிற்றுத் தொற்று கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. தேவையுள்ளவருக்கு நல்ல மருந்து அது. தேவையில்லாமல், தவறான நேரத்தில், முடிவு தேதியே இல்லாமல் விழுங்குவதைத்தான் நான் குறை சொல்கிறேன். அம்மணியிடம் இதையும் சொல்லுங்கள்: கிட்னிக்குப் பயப்படுவது என்றால் முதலில் பயப்பட வேண்டியது அந்தக் குதிகால் வலி மாத்திரைக்கு. டைக்ளோபினாக், அசிக்ளோபெனாக், ஐபுப்ரோஃபென் இந்த வகையெல்லாம் கிட்னிக்கும் ஆகாது, பிரஷரையும் ஏற்றும், இரைப்பையிலும் புண் போடும். நின்று நின்று வருகிற குதிகால் வலிக்கு மெத்தென்ற செருப்பும் கெண்டைக்காலை இழுத்து நீட்டுகிற பயிற்சியும், தாங்க முடியாத அன்று வெறும் பாராசிட்டமாலும் போதும், வலி விடவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரையிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அம்லோடிபின் ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கிறது. சுருக்குப்பையின் கயிறும் தசைதான், சிலருக்கு அதையும் சேர்த்துத் தளர்த்திவிடும். அம்லோடிபின் ஆரம்பித்தது எப்போது, எரிச்சல் ஆரம்பித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் பிரஷர் டாக்டரிடம் ‘வேறு மாற்ற முடியுமா’ என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வராமல் தடுக்க என்ன செய்வது? காரத்தை விடு, புளியை விடு, காப்பியை விடு என்று ஊரே சொல்லியிருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடும் விஷயம் இது, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்து எது உங்களுக்கு எரிக்கிறதோ அதை மட்டும் விடுங்கள், மொத்தத்தையும் விட்டு வாழ்க்கையை ரசம் சாதமாக்க வேண்டியதில்லை. எரியும்போது பால் குடிப்பதும் பழைய பழக்கம், இறங்கும்போது இதமாக இருக்கும், அதில் உள்ள புரதமும் கால்சியமும் அப்புறம் அமிலத்தைத் தூண்டும். உங்கள் விஷயத்தில் பிரதிவாதி ராத்திரி வருகிற வழியில் சாப்பிடுகிற பரோட்டாதான், அதன் காரத்தால் அல்ல, எண்ணெயாலும் அளவாலும். கொழுப்பு இரைப்பையில் வெகு நேரம் தங்கும், அது இறங்குவதற்குள் நீங்கள் படுத்துவிடுகிறீர்கள், கயிறு தளர்ந்த பையைப் படுக்கப் போட்டால் என்ன ஆகும்? சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு என்று உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள், கடை வேலை அப்படி. அதனால் சாப்பாட்டை முன்னால் தள்ளுங்கள். டிபன் பாக்ஸ் கொண்டுபோய் ஏழரை, எட்டு மணிக்குக் கூட்டம் குறைகிற நேரத்தில் கடையிலேயே முடித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு இட்லி, கொஞ்சம் மோர், அதற்கு மேல் வேண்டாம்.

படுக்கும்போது இடது பக்கமாகப் படுங்கள், இரைப்பையின் அமைப்பே அப்படி, இடது பக்கம் படுத்தால் அமிலம் கீழே தேங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் கீழே அரை அடி உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணையை இரண்டாக்குவது அதற்குச் சமம் இல்லை, கழுத்து மடங்கி வயிறு அழுந்தும், எரிச்சல் கூடும். பாயில் படுக்கிறவர் இடுப்பிலிருந்து தலை வரை சரிவாக ஏறுகிற மாதிரி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

165 சென்டிமீட்டருக்கு 84 கிலோ என்பது உங்களுக்கே தெரியும், வயிறு பெருத்தால் கீழிருந்து அழுத்தும். ஐந்தாறு கிலோ குறைந்தாலே எத்தனையோ பேர் மாத்திரையை மறந்திருக்கிறார்கள், என் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்துங்கள். சிகரெட், புகையிலை, ராத்திரி ஒரு கட்டிங் என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும், டாக்டரிடமாவது ஒளிக்காதீர்கள். எந்த மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றோ உட்கார்ந்தோ விழுங்குங்கள், ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே சாய்ந்தால் அது குழாயிலேயே ஒட்டிப் புண் போடும், உங்களுக்கு ஏற்கெனவே சோறு நிற்கிறது.

ஆடித் தள்ளுபடி, லீவு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் பொங்கல், ஜவுளிக்கடைக்கு ஓய்ந்த மாதம் எது? இந்த வாரத்திலேயே கூட்டம் குறைவான ஒரு நாள் காலையில் அரை நாள் கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எந்த நேரத்தில், எத்தனை நாள் என்று அப்போது உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.